எட்டாவது வரியில் ஒரு கழுத்து

பேராசிரியர் வீட்டு கேட்டில் யாரோ சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார்கள்: 'துணியை வெட்டுங்கள், மொழியை வெட்டாதீர்கள்.' எழுத்து முத்து முத்தாக இருந்தது. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படம் வேறு.

"ஓவியப் போட்டிக்கும் ஆள் தயாரா இருக்காங்க மேடம்," என்றான் கமா, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டபடி.

மேடம் சிரிக்கவில்லை. அவர் ஜோக்குக்குச் சிரிப்பதே அபூர்வம். முப்பது வருடம் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவர். அடுத்தவர் விட்ட ஒற்றைத் தேடித் தேடிப் போட்டவர் ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஒற்றர் ஆகிவிட்டார் என்பது கமாவின் ஜோக்குகளிலேயே பழையது. எந்த வாக்கியத்தையும் முடிய விடாமல் நடுவில் புகுந்துவிடுகிறான் என்பதால் அவனுக்குக் கமா என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெற்றோர் வைத்த பெயர் இப்போது வங்கிப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

பேராசிரியரின் மகள் ஈரத்துணியோடு வெளியே வந்தாள்.

"காலையில ஒரு தடவை அழிச்சேன். மத்தியானம் ஒரு தடவை அழிச்சேன்," என்று கேட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அப்பா கண்ணுல படக்கூடாது. உள்ள வாங்க."

அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மூன்று சுவர்களிலும் புத்தகங்கள். அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. நாற்பது வருடம் கல்லூரியில் கவிதை சொல்லிக்கொடுத்தவர்.

நடந்தது ஊருக்கே தெரியும். ஆறு நாளைக்கு முன்பு, கலைவிழாவின் கடைசி நாள் மாலை. கவிதைப் போட்டிக்கு இந்த வருடம் இவர் ஒருவரே நடுவர். 'அளவு' என்ற கவிதைக்கு முதல் பரிசு என்று அறிவித்தார்கள். கவிதையை மேடையில் வாசித்தார்கள். எழுதியவர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. அவர் மேடையேறினார், கோப்பையை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மைக் முன்னால் நின்றார். "இதே கவிதையைப் போன வருஷமும் அனுப்பினேன். இதே பேராசிரியர் எனக்கு எழுதின பதில் இது," என்று சொல்லி, நிறுத்தி நிதானமாகப் படித்தார். முந்நூறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முதல் வரிசையில் பேராசிரியர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் எழுதலைம்மா," என்றார் இப்போது. "அப்படி ஒரு வார்த்தை நான் எந்தப் பையனுக்கும் எழுதினது இல்லை."

"அதே கவிதைன்னு உங்களுக்குத் தெரியலையா சார்?" என்று கேட்டான் கமா.

"போன வருஷம் நாங்க மூணு பேர் நடுவர். நூத்திப் பத்துக் கவிதை. இந்த வருஷம் படிச்சப்போ எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நல்ல கவிதை எல்லாமே அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

"கடிதம் எங்கே?" என்றார் மேடம்.

தையல்காரம்மா அதை மேடை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். மகள் அதை மேடத்திடம் கொடுத்தாள். பேராசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லையாம். மேடம் அதைச் சத்தமில்லாமல் படித்தார், தோளுக்கு மேலாகக் கமாவும்.

விழாவின் பெயர் அச்சடித்த தாள். கம்ப்யூட்டரில் அடித்த வரிகள்.

'அம்மணி, உங்கள் அளவு கிடைத்தது. துணியை வெட்டுங்கள், மொழியை வெட்டாதீர்கள். அவர் கழுத்தளவு தெரியும், குரலளவு மறந்துபோயிற்று என்று எட்டாவது வரியில் புலம்புகிறீர்கள். குரலை அளக்கும் டேப் எந்தக் கடையில் விற்கிறது? வீட்டுக் குறையைக் கவிதை என்று ஊருக்கு அனுப்புவது இத்தோடு நிற்கட்டும். தையல் மெஷின் இருக்கும் இடத்தில் பேனாவுக்கு வேலை இல்லை. இப்படிக்கு, நடுவர்.'

"கையெழுத்து இல்லை," என்றான் கமா.

"பேரும் இல்லை," என்றார் மேடம். தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து மேலும் கீழும் பார்த்தார். "சார், நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?"

பேராசிரியர் சாத்திய ஜன்னலைப் பார்த்தார். "நூலகத்துல மாசா மாசம் பேசிக்கிட்டிருந்தேன். வர வேண்டாம்னுட்டாங்க. என்கிட்ட படிச்சவன் ஒருத்தன், அவனே இப்போ வாத்தியார், இந்தக் கடிதத்துக்கு ராகம் போட்டுப் பாடி போன்ல எல்லாருக்கும் அனுப்பியிருக்கான். எனக்கு எழுதினவன் வேணும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

*

விழா அலுவலகம் நகர மண்டபத்தின் மாடியில் இருந்தது. விழா முடிந்த வீட்டுக்குரிய எல்லாக் கோலமும் அங்கே இருந்தது: மடித்த பேனர்கள், வாடிய மாலை, யாரும் வாங்கிப் போகாத முதல் பரிசுக் கோப்பை. ஜலதோஷத்தோடு ஒரு எழுத்தர் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

மேடம் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். படிக்கப் போனவர் தாளின் தலைப்பிலேயே நின்றுவிட்டார்.

"இது எங்க தாள் இல்லையே."

"உங்க விழா பேரு இருக்கே," என்றான் கமா.

"பேரு எங்களது. தாள் எங்களது இல்லை. போன் நம்பரைப் பாருங்க. அறுபத்தொன்பதுன்னு முடியுதா? எங்களது தொண்ணூத்தாறு. போன வருஷம் அச்சகத்துல திருப்பிப் போட்டு அடிச்சுட்டாங்க. அந்த நம்பருக்குப் பண்ணினா ஒரு பல் டாக்டர் எடுக்கறார். கட்டைப் பிரிக்காம அப்படியே திருப்பி அனுப்பிட்டோம். ஒரு தாள்கூட இங்கே தங்கலை."

"பல் டாக்டர் நடுவரா இருந்திருந்தா மயக்க ஊசி போட்டுட்டுத் திட்டியிருப்பார்," என்றான் கமா.

"அப்போ இந்தத் தாள் எங்கே இருந்திருக்கும்?" என்றார் மேடம்.

"அச்சகத்துலதான். வேற எங்கே போகும்? பழைய தபால் ஆபீசுக்கு எதிர்ல இருக்கே, அந்த அச்சகம். எங்க லெட்டர்ஹெட், நோட்டீஸ், விழா மலர் எல்லாம் அங்கேதான்." எழுத்தர் தும்மினார். தும்மி முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. "அந்தத் தையல்காரம்மாவோட வீட்டுக்காரர் அச்சகம்."

கமா மேடத்தைப் பார்த்தான்.

"தோத்தவங்களுக்கு நீங்க கடிதம் அனுப்பறது உண்டா?" என்றார் மேடம்.

"ஜெயிச்சவங்களுக்கே ஞாபகப்படுத்தினாத்தான் அனுப்புவோம் மேடம்."

"போன வருஷக் கவிதைகளைப் பார்க்கணும்."

பீரோவின் அடித்தட்டிலிருந்து தூசியோடு ஒரு கோப்பு வந்தது. அறுபத்து மூன்றாம் எண்ணில் 'அளவு' இருந்தது. கையெழுத்துப் பிரதி. மேடம் முதலில் கவிதையைப் பார்க்கவில்லை, தாளின் அடியைப் பார்த்தார். அங்கே சின்ன எழுத்தில் 'அலுவலக உபயோகத்திற்கு' என்று அச்சாகியிருந்தது.

"உங்க ஆபீஸ் தாள்."

"ஆமா. இப்போ ஞாபகம் வருது," என்றார் எழுத்தர். "கடைசி நாள் வந்தாங்க. வீட்டு நோட்டைப் பார்த்து எழுதினதுன்னு சொல்லிக் கொடுக்கப் போனவங்க கையை இழுத்துக்கிட்டாங்க. அதோ அந்த பெஞ்சுல ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் வந்து ஒரு தாள் கேட்டாங்க. முழுசையும் புதுசா எழுதிக் கொடுத்துட்டு, பழையதைக் கிழிச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போனாங்க."

மேடம் விரலை வைத்து வரிகளை எண்ணினார். ஒரு தையல்காரி ஊராரின் அளவுகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போகும் கவிதை அது. எட்டாவது வரியில் விரல் நின்றது.

"கமா, இதைப் படி."

கமா படித்தான். "அவர் கழுத்தளவு தெரியும், குனிந்தே வேலை செய்கிறவர், ஒரு விரல் தளர்த்தி வைப்பேன்." நிமிர்ந்தான். "குரலளவு எங்கே?"

"இல்லை. மேடையில படிச்சதும் இதே வரிதானே?"

"இதேதான். நான்தான் படிச்சேன்," என்றார் எழுத்தர்.

"முந்நூறு பேர் இதைக் கேட்டாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கடிதத்தையும் கேட்டாங்க. கடிதம் திட்டற வரி கவிதையிலேயே இல்லைன்னு யாருக்கும் தோணலையா?"

"நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம் மேடம்," என்றார் எழுத்தர்.

கவிதையோடு குத்தியிருந்த மதிப்பெண் தாளையும் மேடம் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு, "இந்த ரெண்டையும் சாயங்காலம் திருப்பித் தரேன்," என்று சொல்லி இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாடிப்படியில் இறங்கும்போது கமா விரல் விட்டு எண்ணினான். "தாள் அச்சகத்தோடது. வரி வீட்டு நோட்டுல இருந்தது. இதுக்குமேல கண்டுபிடிக்க மோப்ப நாய் எல்லாம் வேண்டாம் மேடம், வீட்டுப் பூனை போதும்."

"அவசரப்படாதே. முற்றுப்புள்ளி வைக்கறது உன் வேலை இல்லை."

*

அச்சகத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகக்காரர் ஒல்லியாக, சற்றே கூன் விழுந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு தாளின் மேல் குனிந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மெஷினை நிறுத்தச் சொல்லி மேடம் கை காட்ட வேண்டியிருந்தது.

கடிதத்தைப் பார்த்ததும் அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார். படிப்பதற்காக இல்லை. கண்ணை மறைப்பதற்காக என்று கமாவுக்குத் தோன்றியது.

"தப்பா அடிச்ச கட்டு எங்கே?" என்றார் மேடம்.

"மூலையில."

மூலையில் அந்தக் கட்டு இருந்தது. பிரித்த கட்டு. பின்பக்கத்தைக் கணக்குப் போடவும் மை துடைக்கவும் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள்.

"யார் வேணா எடுக்கலாம்," என்றார் அச்சகக்காரர். "வர்றவங்க, போறவங்க."

"எடுக்கலாம். ஆனா வர்றவங்க போறவங்க உங்க வீட்டு நோட்டைப் படிக்க முடியாது. குரலளவு மறந்துபோச்சுங்கற வரி அந்த நோட்டுல மட்டும்தான் இருந்துச்சு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசவே இல்லை. கமாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அண்ணே, நீங்க பேசலைன்னா கவிதை நிஜம்னு ஆயிடும்."

அது அவருக்குத் தைத்தது.

"மலர் இங்கேதான் அச்சாகுது," என்றார் அவர் மெதுவாக. "பரிசு வாங்கற கவிதை எல்லாம் அதுல வரும். அவ எழுதினா பரிசு வாங்கிடுவான்னு எனக்குத் தெரியும். வீட்டுல நான் பேசறது இல்லைன்னு அவ எழுதியிருக்கா. அதை நானே எழுத்துக் கோத்து, நானே ஆயிரம் பிரதி அடிச்சு, நானே கட்டிக் கொடுக்கணும். ஊர்ல ஒவ்வொருத்தனும் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்ப்பான். இனிமே எழுதக்கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான். நான் சொன்னா நிறுத்த மாட்டா. பெரிய மனுஷன் சொன்னா நிறுத்துவான்னு நினைச்சேன்."

"நிறுத்தினாங்களா?"

"ஒரு வருஷம் நோட்டைத் தொடலை."

மேடம் பையிலிருந்து அறுபத்து மூன்றாம் எண் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார். "இது போன வருஷம் உங்க வீட்டம்மா கொடுத்த பிரதி. கொடுக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து மாத்தி எழுதியிருக்காங்க. எட்டாவது வரியைப் படிங்க."

அவர் படித்தார். அவருடைய வலது கை, தன்னால் எழுந்து, சட்டைக் கழுத்துக்குள் ஒரு விரலை நுழைத்தது. விரல் தாராளமாக உள்ளே போனது.

"போன வருஷமே எடுத்துட்டாளா?" என்று கேட்டார். "இந்த வருஷம்தான் மாத்தினான்னு நினைச்சேன்."

"போன வருஷமே. நீங்க கடிதம் அடிக்கறதுக்கு முன்னாடியே."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார். "பேராசிரியருக்கு என்ன வேணுமோ எழுதித் தரேன். காலைப் பிடிச்சுக்கூடக் கேக்கறேன். நான்தான்னு அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

எழுதியும் கொடுத்தார். பாதி எழுத்துகள் வரியை விட்டு இறங்கியிருந்தன. மேடம் அதை மடித்து வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் கமா ஸ்கூட்டரைப் பேராசிரியர் வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"கடைத்தெருவுக்குப் போ," என்றார் மேடம்.

"எதுக்கு மேடம்? கட்சிக்காரர் எழுதினவன் வேணும்னார், கிடைச்சாச்சு. அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? பாவம்."

"சொல்லப் போகலை. நீ ஒரு கவிதை எழுதி அனுப்பற. நீ அதுல கொடுக்காத வரியைத் திட்டி உனக்குப் பதில் வருது. என்ன நினைப்ப?"

கமா வண்டியை ஓரம் கட்டினான். பிறகு கடைத்தெருப் பக்கம் திருப்பினான்.

*

தையல் கடை நான்கு அடி அகலம். சுவரெல்லாம் பள்ளிச் சீருடைகள் தொங்கின. தையல்காரம்மா மெஷினில் ஒரு சட்டைக் கையை ஏற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாயில் இரண்டு குண்டூசிகள். மேடத்தைப் பார்த்ததும் அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பேராசிரியர் அனுப்பினாரா அக்கா?"

"ஆமாம்மா. ஒரே ஒரு கேள்வி. கடிதம் வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

தையல்காரம்மா மறுக்கவில்லை. மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"பாதி படிக்கும்போதே தெரிஞ்சது. நான் கொடுக்காத வரியை நடுவர் எப்படித் திட்டுவார்? நோட்டு வீட்டு அலமாரியில இருக்கு. வீட்டுல நாங்க ரெண்டே பேர்."

"ஏன் அவர்கிட்டக் கேக்கலை?" என்றான் கமா.

"கேட்டா இல்லைன்னு தலையை ஆட்டுவார். தலையாட்டறதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலிச்சுப்போச்சு தம்பி." அவர் குரலில் கோபம்கூட இல்லை. துணிக்கு விலை சொல்கிற மாதிரி சொன்னார். "ஒரு வருஷம் காத்திருந்தேன். என்னைக்காவது வாயைத் திறந்து, நான்தான் எழுதினேன், தப்புன்னு சொல்வார்னு. சமைச்சேன், சட்டை தச்சேன், காய்ச்சல் வந்தப்போ பக்கத்துல உட்கார்ந்தேன். ஒண்ணும் வரலை. சரி, ஊர் முன்னாடி படிப்போம், அப்பவாவது எழுந்து நிப்பார்னு நினைச்சேன். மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்துக்கிட்டேதான் படிச்சேன்."

வாசலில் நிழல் விழுந்தது. அச்சகக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று பின்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. தையல்காரம்மா அவரைப் பார்த்தார். பேச்சை நிறுத்தவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார் அக்கா. பல்லு தெரியச் சிரிச்சார். பக்கத்துல இருந்தவர் தொடையில தட்டினார், இவரும் திருப்பித் தட்டினார்."

அச்சகக்காரர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கமா வேறு பக்கம் பார்த்தான். பார்க்க இடமில்லாத கடை அது.

"அப்போ பேராசிரியர்?" என்றார் மேடம்.

"அவரைப் பத்தி நான் யோசிக்கலை."

"யோசிச்சீங்கம்மா." மேடத்தின் குரல் ஏறவில்லை. "கடிதத்துல நடுவர்னு மட்டும்தான் இருக்கு. போன வருஷம் நடுவர்கள் மூணு பேர். பேராசிரியர்னு மேடையில நீங்கதான் சேர்த்தீங்க. அவர் முதல் வரிசையில இருந்தார். அடி வாங்க ஒரு ஆள் வேணும், அவர் கைக்கெட்டற தூரத்துல இருந்தார். உங்க புருஷன் வேற ஒருத்தர் முகமூடியைப் போட்டுக்கிட்டு உங்களை அடிச்சார். நீங்க அந்த முகத்துக்குச் சொந்தக்காரரை அடிச்சீங்க."

தையல்காரம்மாவின் உள்ளங்கை மூடிக்கொண்டது. குண்டூசிகள் உள்ளே இருந்தது கமாவுக்கு ஞாபகம் வந்தது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

"பெரிய படிப்பாளிதானே. ரெண்டு நாள் ஊர் சிரிச்சா என்ன குறைஞ்சிடும்? என் கவிதையைப் போன வருஷம் அவரும்தானே ஒதுக்கினார்."

மேடம் அப்போதுதான் மதிப்பெண் தாளை எடுத்தார். கமாவும் அதை அப்போதுதான் முழுசாகப் பார்த்தான். மூன்று நடுவர்கள், மூன்று கையெழுத்துகள். முதல் இருவர் நாற்பதும் நாற்பத்தைந்தும் போட்டிருந்தார்கள், குறிப்பு எதுவும் இல்லை. மூன்றாவது பேராசிரியர். தொண்ணூற்றிரண்டு. பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'எட்டாவது வரிக்காகவே மூன்று முறை படித்தேன். இவரைத் தொடர்ந்து எழுதச் சொல்லி யாராவது தெரிவிக்க வேண்டும்.'

"யாரும் தெரிவிக்கலை," என்றார் மேடம். "ஆபீஸ் பீரோவுல கிடந்துச்சு."

தையல்காரம்மா அந்தப் பொடி எழுத்தை ஒரு தடவை படித்தார். திரும்பப் படித்தார். எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கை விரிந்தபோது உள்ளங்கையில் இரண்டு இடத்தில் ரத்தம் முளைத்திருந்தது. அச்சகக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அங்கேயே நில்லுங்க," என்றார் அந்தம்மா.

அவர் அங்கேயே நின்றார்.

*

பேராசிரியர் அறையில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் இரண்டு காகிதங்களைப் படித்தார். ஒன்று அச்சகக்காரர் எழுதியது. மற்றொன்று தையல்காரம்மா மெஷின் பலகையில் வைத்து எழுதியது. அதில், தெரிந்தே உங்கள் பேரைச் சொன்னேன் என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கறை.

"ரெண்டையும் பத்திரிகையில போட்டுடலாம் சார்," என்றான் கமா. "நூலகத்துலயும் ஒட்டிடலாம். நாளைக்கே அந்த ராகம் போட்ட வாத்தியார் சுருதி இறங்கிடும்."

பேராசிரியர் காகிதங்களை அடுக்கி முழங்கால் மேல் வைத்துத் தட்டினார். கல்லூரியில் விடைத்தாள்களை அப்படித்தான் தட்டியிருப்பார்.

"பத்திரிகை வேண்டாம். பத்திரிகையில படிக்கறவன் பாதியில திருப்பிட்டுப் போயிடுவான். வர்ற ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி. அதே மண்டபம், அதே மைக். இதை அந்தம்மா படிக்கணும். வீட்டுக்காரர் எழுதினதையும் அவங்களே படிக்கணும். அவர் கீழே உட்கார்ந்து கேக்கணும்."

"அப்பா," என்றாள் மகள். "வேண்டாம்பா. அவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்களே. எழுதினவன் யாருன்னு தெரிஞ்சாப் போதும்னுதானே சொன்னீங்க."

"நீ அன்னைக்கு மண்டபத்துல இல்லை."

"கூட்டம் வராது சார்," என்றான் கமா. அவனை அறியாமல் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. "விழாதான் முடிஞ்சாச்சே."

"வரும். அழைப்பிதழ் அடிப்போம்." பேராசிரியர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தம் ஓடியது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது, அதுதான் கமாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த அச்சகத்துலயே அடிக்கட்டும். எந்த நிகழ்ச்சி, யார் வாசிக்கறாங்க, எதை வாசிக்கறாங்க, எல்லாம் அதுல இருக்கணும். அவரே கோக்கட்டும். ஆயிரம் பிரதி."

கமா மேடத்தைப் பார்த்தான். அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். முப்பது வருடம் அடுத்தவர் வரிகளில் பிழை பார்த்த கண், பேராசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சார், நான் ஒரு யோசனை சொல்லலாமா?" என்றார் கடைசியில்.

"வேண்டாம்மா. எழுதினவனைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க. உங்க வேலை முடிஞ்சது."

மேடம் பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நீ போன் பண்ணிச் சொல்லிடு. நேர்ல போய் என்னால சொல்ல முடியாது," என்றார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கமா கேட்டதில்லை.

தெருமுனையில் நின்று எண்ணைப் போட்டான். மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் தையல்காரம்மா எடுத்துவிட்டார். பின்னால் மெஷின் சத்தம் இல்லை. கமா சொன்னான். மண்டபம், மைக், இரண்டு கடிதங்கள், அழைப்பிதழ், அதை அடிக்கப்போகும் அச்சகம். எதையும் குறைக்காமல், இடையில் எதையும் செருகாமல், முதல் முறையாக ஒரு வாக்கியத்தை ஆரம்பித்த இடத்திலிருந்து முடிவுவரைக்கும் சொன்னான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, இருக்கீங்களா? உங்களுக்கு இஷ்டமில்லைன்னா சொல்லிடுங்க. நான் சார்கிட்ட இன்னொரு தடவை பேசிப் பார்க்கறேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஞாயித்துக்கிழமை. அஞ்சு மணிக்கு."

"சரி," என்றார் தையல்காரம்மா. "அவரைக் கூட்டிக்கிட்டு வர்றது என் பொறுப்பு."